மொக்கையன் பேரில் இரண்டு வீடு

முதலில் கெடுதல் செய்தவன் சன்னாசிதான், சார். என் கூடப்பிறந்த தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கதையை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். போலீஸும் நடுவிலிருந்து ஆரம்பித்தது. ஆபீஸும் நடுவிலிருந்து ஆரம்பித்தது. என் வீட்டுக்காரியும் நடுவிலிருந்துதான் ஆரம்பித்தாள். முதலில் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதோ, டிரைவர் பக்கம் ஜன்னலோரம், பச்சை ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய். அவன்தான். மெதுவாகப் பாருங்கள். இல்லை, பார்த்தாலும் ஒன்றுமில்லை, அவன் திரும்ப மாட்டான். வத்தலக்குண்டில் ஏறியதிலிருந்து ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆபீசுக்குப் போய்விட்டு, ஒரே பஸ்ஸில், ஒரே ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் போனில் ரூம் படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் பேச்சுக் கொடுத்தேன். மலைக்கு முதல் தடவையா? படத்துக்குக் கீழே ஒரு நம்பர் இருக்கிறதா பாருங்கள். இருக்கிறதா? நல்லது. அது அரசாங்கம் கொடுக்கிற நம்பர். வெளியாளை வீட்டில் தங்கவைக்கிறவன் எவனாக இருந்தாலும் ஆபீசில் பதிந்து அந்த நம்பரை வாங்க வேண்டும். ஆப் கம்பெனிக்காரன் அந்த நம்பரைப் போட்டுத்தான் வீட்டைக் காட்ட வேண்டும். நம்பர் இல்லாத வீட்டைத் தூக்கிவிட வேண்டும். அப்படி உத்தரவு.

உத்தரவு தப்பு என்று நான் சொல்லவே இல்லை. மூன்றாங்கிளாஸ் படித்தவன்தான், ஆனாலும் ஒழுங்கு வேண்டும் என்கிற ஆள் நான். உத்தரவு வந்தபோது எங்கள் ஊசிமேட்டில் அத்தனை பேரும் தலையில் கை வைத்தார்கள். சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தன்தான். இனி கண்டவனும் ரூம் விட முடியாது, சன்னாசிக்கு நம்பர் கிடைக்காது என்று நினைத்தேன்.

ஏன் கிடைக்காது என்று நினைத்தேன் என்றால், அவன் கட்டின பாத்ரூம் அப்படி. அதைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா விட்டுப்போன மனையில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டோம். ரோட்டிலிருந்து இறங்கினால் முதலில் அவன் வீடு, அடுத்து என் வீடு. நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்து என்னுடையது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. அவன் என்ன செய்தான்? ஆப்பில் ரூம் விட ஆரம்பித்ததும் சந்துப் பக்கச் சுவரை ஒட்டிப் பாத்ரூம் கட்டினான். கட்டிவிட்டு வெண்டிலேட்டரை என் சந்துக்குள் திறந்துவைத்தான். கையகலத்துக்கு ஒரு ஓட்டை என்று நினைக்காதீர்கள், நல்ல பெரிய ஜன்னல். என் ரூமில் தங்குகிறவர்கள் காலையில் டீ குடிக்க உட்கார்கிற இடம் அந்தச் சந்துக்கு நேரே. இவர்கள் டீ குடிப்பார்கள், அங்கே உள்ளே ஒருத்தன் குளித்துக்கொண்டே பாடுவான், காறித் துப்புவான், சோப்பு ஆவி என் சந்தில் வந்து விழும். என் ரூமில் தங்கின ஒருத்தன் எழுதியே விட்டான், 'பக்கத்து வீட்டுக் குளியலறையோடு சேர்த்துத் தங்கினோம்' என்று. எழுதிவிட்டு ஸ்டாரைக் குறைத்துவிட்டுப் போனான். திருப்பூரிலிருந்து என் மகள் முருகேஸ்வரி போனில் அதை வாசித்துக் காட்டினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சன்னாசியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணே, உள்ள கேஸ் கீசர் மாட்டியிருக்கேன். காத்துப் போக்கு வேணும்ணே. மூடினா ஆளு செத்துப்போவும்."

"உன் காத்துப் போக்குக்கு என் சந்துதான் கெடச்சுச்சா?"

"சந்து ஒன்னோடதுதாண்ணே. காத்து யாரோடது?"

இப்படிப் பேசுவான். பேசிவிட்டுச் சிரிப்பான். சிரிக்கிறவனிடம் என்ன நியாயம் பேசுவது?

நம்பர் வாங்கப் போனோம் இல்லையா, அங்கேதான் அடுத்த கூத்து. பட்டா இன்னும் எங்கள் அப்பா பேரில் இருந்தது. இரண்டு வீடு, ஒரே பட்டா. ஏன் பிரிக்கவில்லை என்கிறீர்களா? சன்னாசி பிரிக்கலாம் பிரிக்கலாம் என்று பத்து தடவை பேப்பர் கொண்டுவந்தான். நான்தான் கையெழுத்துப் போடவில்லை. அவசரம் என்ன? அந்தப் பேப்பரில் சந்தைப் பொது என்று எழுதியிருந்தானோ என்னவோ. படித்த மூன்றாங்கிளாஸ் மறந்துபோய்விட்டது, எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுகிறேன் என்றான். அவன் வாசித்துக் காட்டினால் அவன் வாசிக்கிறதுதானே எனக்குக் கேட்கும்? நான் ஏமாளி இல்லை.

ஆபீசில் ஒரு அம்மா. பெரிய ஆபீசர். நல்ல மாதிரி. கம்ப்யூட்டரில் பட்டா நம்பரை அடித்தார்கள். அடித்ததும் எங்கள் அப்பா பேர் தானாக வந்து விழுந்தது. "ஒரு பட்டாவுக்கு ஒரு நம்பர்தான் பெரியவரே, ரெண்டு வீடும் அதே நம்பர்ல ஓடட்டும், பிரிச்சிட்டு வாங்க, அப்புறம் தனித்தனியாத் தர்றேன்" என்றார்கள். அப்படித்தான் ஆப்பில் என் வீட்டுக்கும் அதே நம்பர், அவன் வீட்டுக்கும் அதே நம்பர். வீட்டுக்காரர் பேர் என்று போடுகிற இடத்தில் இரண்டிலும் எங்கள் அப்பா பேர். மொக்கையன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு மொக்கையன் உண்டு. அந்தப் பேருக்கு ஒரு மரியாதை இருந்தது. இப்போதுதான் பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் மொக்கை என்கிறார்கள். என் ரூமுக்கு வருகிறவர்கள் பெட்டியை இறக்கும்போதே கேட்பார்கள், "அங்கிள், நீங்கதான் மொக்கையனா? ஸ்டேயும் மொக்கையா இருக்குமோன்னு பயந்துட்டே வந்தோம்." என் பேர் வேலாண்டி. மொ. வேலாண்டி. அந்த மொவன்னா ஒரு ஓரத்தில் நிற்கிற எழுத்து. அது நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு என்னை வெளியே தள்ளிவிட்டது.

ஷட்டரை இறக்காதீர்கள் சார். குளிர்தான், தெரியும். கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். இப்போதெல்லாம் மூடின இடத்தில் எனக்கு உட்கார முடிவதில்லை. நெஞ்சை அடைக்கிறது. வயசு.

எங்கே விட்டேன்? ஆபீசர் அம்மா. நம்பர் கொடுப்பதற்கு முன்னால் வீட்டை வந்து பார்த்தார்கள். என் வீட்டைப் பார்த்து நல்லா வச்சிருக்கீங்க என்றார்கள். பிறகு சன்னாசி பாத்ரூமுக்குள் போனார்கள். நான் சந்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒரே ஆவல். இப்போது மாட்டிக்கொண்டான் என்று. உள்ளே பேசுவது அந்த வெண்டிலேட்டர் வழியாக ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"கீசரை இப்படி உள்ள மாட்டக் கூடாது. வெளிய மாத்துங்க."

"மாத்திடறேன் மேடம். தை முடியட்டும், ஆளைக் கூப்பிட்டிருக்கேன்."

"அதுவரைக்கும் இந்த வெண்டிலேட்டரை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. புரியுதா? மூடினா எமன்."

"மூட மாட்டேன் மேடம்."

பார்த்தீர்களா, அவனிடம் சொன்னார்கள். மூட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது அவன். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சந்தில் நின்றவனுக்கு அது உத்தரவு ஆகுமா? அந்த அம்மா வெளியே வந்து, 'பெரியவரே, நீங்களும் கேட்டுக்குங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் உத்தரவை மீறுகிற ஆள் இல்லை.

சரி. மார்கழி வந்தது. முருகேஸ்வரி போன் போட்டாள். "அப்பா, நாளைக்கு ரெண்டு பேர் வர்றாங்க. புதுசாக் கல்யாணம் ஆனவங்க. கரூர். பொண்ணு பேரு பவதாரணி. நல்லாப் பாத்துக்கங்க" என்றாள். என் வீட்டுக்கு, சார். என் ரூமுக்கு. ஆப்பில் பதிவாகியிருக்கிறது, வேண்டுமானால் என் மகளிடம் கேளுங்கள். நான் புதுக் கம்பளியை எடுத்து விரித்தேன். வெளியில் விறகு வைத்துப் பாய்லரில் வெந்நீர் போட்டேன். என் வீட்டில் கீசர் கிடையாது, பாய்லர்தான், எந்தக் காலத்திலும் ஆபத்தில்லை. என் வீட்டுக்காரி ராக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். காத்திருந்தோம்.

மூடுபனி. எதிரே ஆள் நின்றால் தெரியாது. கார்க்காரன் மேலே கடையில் நிறுத்தி மொக்கையன் வீடு எது என்று கேட்டிருக்கிறான். கடைக்காரன் கையைக் காட்டியிருக்கிறான். ரோட்டிலிருந்து இறங்கினால் முதல் வீடு எது? அவன் வீடு. நான் சந்துக்கு வந்து பார்க்கிறேன், என் வீட்டுக்கு வர வேண்டிய பெட்டி அவன் வாசற்படி ஏறுகிறது.

"டேய் சன்னாசி! அது என் ஆளுகடா!"

அவன் வெளியே வந்தான். அவனுக்கு முன்னமே புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரியும். "அண்ணே, கத்தாத. நான் சொல்லிட்டேன், அடுத்த வீடுன்னு. புள்ளைக குளிர்ல நடுங்குதுக. ரூமைப் பாத்துட்டு இங்கயே இருந்துக்கிறோம்ங்குதுக. இன்னைக்கு ஒருநாள் கெடக்கட்டும், நாளைக்குக் காலையில நானே கூட்டியாந்து விட்டுர்றேன்."

"என் விருந்தாளிய நீ எப்படிடா வச்சிக்கிடுவ?"

அப்போது அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். சின்னப் பெண். கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு, ஸ்வெட்டருக்கு வெளியே கிடந்தது. "பரவாயில்ல அங்கிள், விடுங்க. ரெண்டும் மொக்கையன் வீடுதானே!" என்றாள். புருஷன்காரன் சிரித்தான். கார் டிரைவர் சிரித்தான். சன்னாசியும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இருக்கிறதே, சார். அதற்கு என்ன தண்டனை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். ராக்கு குழம்பை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பக்கம் கிடந்த பிளைவுட் பலகையை எடுத்தேன். சுத்தியல் எடுத்தேன். அளந்து பார்த்தேன், வெண்டிலேட்டருக்குச் செய்துவைத்த மாதிரி இருந்தது.

"வெளக்கு வெக்கிற நேரத்துல வீட்டச் சுத்தி ஆணி அடிக்காதீங்க" என்றாள் ராக்கு. "நல்லதில்ல."

அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. என் சந்தில் நான் எந்த நேரத்திலும் அடிப்பேன். நான் செய்கிற வேலை ஒழுங்காக இருக்கும், சார். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நாலு பக்கமும் ஆணி அடித்துவிட்டு, ஓரத்தில் இடுக்கு இருக்கக் கூடாது என்று சிமெண்ட் குழைத்துப் பூசினேன். எறும்பு நுழையாது. அப்படி ஒரு வேலை.

சன்னாசி மேலே கடைக்குப் போயிருந்தான். அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் குரல். கை கழுவ வந்திருப்பாள் போல.

"என்ன சத்தம் அங்கிள்?"

நான் என்ன சொல்வது? குடும்பச் சண்டையை வெளியூர்ப் பெண்ணிடம் சொல்லவா முடியும்? "உங்களுக்குத்தாம்மா. குளிர் வராம இருக்க" என்றேன்.

"தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. மார்கழிக் காற்று அப்படியே உள்ளே இறங்கும். பலகை இருந்தால் இறங்காது.

காலையில் சத்தம் கேட்டது. முதலில் புருஷன்காரன் குரல், கதவைத் தட்டுகிற சத்தம். அப்புறம் சன்னாசி குரல். அப்புறம் கதவு உடைகிற சத்தம். நான் பாய்லருக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தேன், இன்றைக்கு அவர்கள் என் வீட்டுக்கு வருவார்கள் என்று. சன்னாசி சந்துக்குள் ஓடி வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. பலகையைப் பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தான். வெறும் கையால். ஆணி உள்ளங்கையில் ஏறிக் கிழித்துவிட்டது. இப்போதும் அந்தக் கையை முழுசாக மடக்க முடியாது அவனுக்கு. அவசரக்காரன். சின்ன வயசிலிருந்தே அப்படி. சுத்தியல் என்னிடம்தான் இருந்தது, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அந்தப் பெண் போய்விட்டாள். ஆமாம். கேஸ்தான். கதவை மூடிக்கொண்டு வெந்நீரில் குளித்திருக்கிறாள், அதற்கு வாசனை கிடையாதாம், தூக்கம் மாதிரி வருமாம். தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பார்த்தேன். முடி நனைந்திருந்தது. ராக்கு தன் சேலையை எடுத்துப் போர்த்தினாள்.

கம்பெனிக் கணக்குப்படி அவள் என் வீட்டு விருந்தாளி, சார். என் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என் பாய்லர் தண்ணீரில் குளித்துவிட்டு, கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கும் இருந்திருப்பாள். இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா, சொல்லுங்கள். அவன் வைத்துக்கொண்டான். அங்கே போய்விட்டாள். இவ்வளவுதானே கணக்கு?

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

போலீஸ் வந்தது. வந்ததும் அவர்களுக்கு ஒரே குழப்பம். கையில் போனை வைத்துக்கொண்டு, "மொக்கையன் யாருய்யா?" என்றார் ஏட்டு.

"எங்க அப்பாங்க."

"கூப்பிடு."

"செத்து முப்பது வருசமாச்சுங்க."

"எங்கிட்டயே நக்கலா? வீட்டுக்காரன்னு பேர் போட்டிருக்கு, நம்பர் போட்டிருக்கு."

எங்கள் அப்பா மேல் கேஸ் எழுதாத குறைதான். பிறகு சன்னாசியைக் கூட்டிப்போனார்கள். கீசரை வெளியே மாற்றச் சொன்னோமே, ஏன் மாற்றவில்லை என்று கேட்டார்கள். "தப்புத்தாங்க" என்றான். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை வாயைத் திறக்கவில்லை. அது சிமெண்ட் துண்டோடு சந்தில்தான் கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. என்னிடமும் கேட்டார்கள்.

"பெரியவரே, அந்த வெண்டிலேட்டர் தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

"அது என் வெண்டிலேட்டர் இல்லைங்க" என்றேன்.

இது பொய்யா? பொய் இல்லை. சன்னாசி என்னைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வை. அவன் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவன் சொன்னால் எவன் நம்புவான் என்று பயந்திருப்பான். ஜெயிலுக்குப் போனான், ஜாமீனில் வந்தான், அப்போதும் போலீசில் சொல்லவில்லை.

சரி, அவன் வீட்டைப் பூட்டினார்கள், நியாயம். என் வீட்டை ஏன் பூட்ட வேண்டும்? நம்பர்! ஒரு நம்பரில் ஒரு சாவு விழுந்தால் அந்த நம்பரே ரத்து. கம்பெனிக்காரனுக்கு உத்தரவு போனது. என் மகள் போன் போட்டாள். "அப்பா, ரெண்டு வீடும் போயிடுச்சு. தேடினா அப்படி ஒரு வீடே இல்லைன்னு காட்டுது" என்றாள். நான் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன், வீடே இல்லை என்கிறது. மறுவாரம் வந்து முன்கதவில் அரக்கு வைத்துச் சீல் போட்டார்கள். நான் இப்போது பின்னால் அடுப்படியில் படுத்துக்கொள்கிறேன். அங்கே போக ஒரே வழி அந்தச் சந்துதான். போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். மேலே பார்ப்பதில்லை.

ராக்கு திருப்பூருக்குப் போய்விட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. முட்டி வலி. நாற்பது வருசம் இந்த மலையில் இருந்தவளுக்கு இந்த வருசம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, என்ன செய்வது? போன் போட்டால் நான் முட்டி எப்படி இருக்கு என்பேன். அவள், "சொல்லிட்டீங்களா?" என்பாள். மருந்து சாப்பிட்டாயா என்பேன். "சொல்லிட்டு வாங்க, நான் வர்றேன்" என்பாள். வேறு பேச்சே கிடையாது. பிறகு முருகேஸ்வரி போனை வாங்கிக்கொள்வாள்.

இன்றைக்கு ஆபீசில் விசாரணை. அதே அம்மா. முன்னைப்போல் இல்லை, முகம் கறுத்துவிட்டது. அந்த அம்மாவுக்கும் மேலேயிருந்து கேள்வி வந்திருக்கிறதாம், பார்த்துத்தானே நம்பர் கொடுத்தாய் என்று. ஆனாலும் என்னிடம் தன்மையாகத்தான் பேசினார்கள். "பெரியவரே, உங்க வீட்டு மேல எந்தக் குத்தமும் இல்ல. பாகம் பிரிஞ்சதா ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போடுங்க. உங்களுக்குத் தனி நம்பர் தர்றேன். இந்த வாரமே சீலை எடுக்கச் சொல்றேன். ஆப்லயும் உங்க பேர்லயே வந்துரும்."

என் பேரில், சார். வேலாண்டி என்று.

நான் முதலில் போட்டேன். எனக்குக் கையெழுத்து மட்டும் நன்றாக வரும். பேப்பரை அவன் பக்கம் தள்ளினேன். அவன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். அந்த மடங்காத கையில் பேனாவைச் சரியாகப் பிடிக்கவே அவனுக்கு நேரமானது. நான் பொறுமையாக இருந்தேன்.

"போடறேன் மேடம். சந்தும் அண்ணனுக்கேன்னு எழுதிக்கங்க, எனக்கு வேணாம்" என்றான். "அண்ணன் ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் போட்டுர்றேன்."

"என்ன வார்த்தை?" என்றார்கள் அந்த அம்மா.

"அது அவர் வாயால வரட்டும் மேடம்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்தது. அவன் என் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத மாதிரி, சின்ன வயசில் கெஞ்சுவானே அதே குரலில், "அண்ணே. அந்தப் பலகை. நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும். வேணும்னு செய்யலன்னே சொல்லு. அந்தப் பொண்ணோட அப்பா வாராவாரம் எனக்குப் போன் போட்டு, ஜன்னல் இருந்துச்சே, அப்புறம் எப்படிப்பான்னு கேக்குறாருண்ணே. நான் என்னத்தச் சொல்ல?" என்றான்.

குசுகுசு என்று பேசியது அந்த அம்மா காதில் விழுந்துவிட்டது. "என்ன பலகை?" என்றார்கள்.

நான் சன்னாசியைப் பார்த்தேன். "என்ன பலகைடா?" என்றேன்.

வேறு என்ன சொல்வது, சார்? விசாரணை எதைப் பற்றி? பட்டா பற்றி. பட்டாவில் பலகை எங்கே வந்தது? கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும்.

அவன் பேனா மூடியைப் போட்டான். சட்டைப் பையில் சொருகினான். "இன்னொரு தேதி குடுங்க மேடம்" என்றான். அவ்வளவுதான். அந்த அம்மா என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு தேதி போட்டார்கள். கையில் வந்த வீடு, சார். ஒரு நிமிசத்து வேலை. போடாமல் எழுந்து போய்விட்டான்.

இதில் இன்னொன்று. பஸ்ஸில் கண்டக்டரிடம் காசை நீட்டினால், "உங்க தம்பி உங்களுக்கும் சேத்து எடுத்துட்டார் பெரியவரே" என்கிறார். எனக்கு எப்படி இருக்கும்? டிக்கெட் எடுக்கச் சொல்லி நான் கேட்டேனா? கேட்டதைக் கொடுக்க மாட்டான், கேட்காததைக் கொடுப்பான். சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்.

உங்கள் ரூமில் வெந்நீர் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாய்லர் என்றால் பயமில்லை. இல்லையா? போனை ஏன் உள்ளே வைத்துவிட்டீர்கள்? நான் பயமுறுத்தச் சொல்லவில்லை.

இதோ ஊசிமேடு வந்துவிட்டது. கண்டக்டர் கூவுகிறார் பாருங்கள். அவன் எழுந்துவிட்டான். இறங்கிவிட்டான். ஆமாம், நானும் இங்கேதான் இறங்க வேண்டும். பாதை ஒன்றுதான். இருங்கள், அவன் போகட்டும்.

போகவில்லை. டார்ச்சை எடுத்துவிட்டான். படிக்கட்டுக்கு நேரே வெளிச்சம் அடித்துக்கொண்டு நிற்கிறான். எனக்காகத்தான். பனியில் கால் வைக்குமிடம் தெரியாது, கிழவன் விழுந்துவிடுவான் என்று. "அண்ணே, எறங்கு" என்கிறான். கேட்டதா உங்களுக்கு? ஊரே கேட்கிற மாதிரி.

நான் இறங்கவில்லை, கண்டக்டர் சார். ரைட் கொடுங்கள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறேன். இருட்டினால் இருட்டட்டும், எனக்குப் பாதை தெரியும், நடந்து வந்துகொள்கிறேன். அங்கே நிற்கிறானே, அவன் எனக்கு ஒரு கையெழுத்து பாக்கி. அதைக் கொடுக்காமல் அவன் என்ன வெளிச்சம் அடித்தாலும் அந்த வெளிச்சத்தில் நான் இறங்க மாட்டேன். ரைட் கொடுங்கள்.